மேற்குச் சுவரில் ஒரு கதவு

ஜூன் 10

டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். வலிப்பு வந்தவள் இனி ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. பக்கத்தில் என் கணவர் ஜோயல் தலையாட்டிக்கொண்டிருந்தார், ஏதோ அவருக்குத்தான் சொன்னதுபோல்.

அப்புறம் எப்படிப் பாடம் நடத்தப் போவது? இந்தப் படூர் அடுக்ககத்தின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் பள்ளிக்கூடம். பிரேயர் மணி என் அடுப்படியில் கேட்கும். ஆனால் போக வேண்டுமென்றால் ஓ.எம்.ஆர். நெடுஞ்சாலையில் ஏறி, யூ-டர்ன் அடித்து, லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். நடைபாதை என்று ஒன்று இருந்தால்தானே!

ஜூன் 14

ஜோயல் காரில் கொண்டுபோய் விடுகிறார். அடுத்த மாதம் அவருக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல். "வேலைய விட்டுடேன்" என்கிறார். மாட்டேன்.

ஜூன் 23

அசோசியேஷன் கூட்டம். மாடிவீட்டுப் பிரபாவதி நகரத் திட்டமிடல் படித்தவள். எழுந்து நின்று, "சுவத்துல ஒரு கதவு வைப்போம். ஸ்கூல், மார்க்கெட், பஸ் ஸ்டாப் எல்லாமே நடக்கிற தூரம்" என்றாள். எனக்காகக் கேட்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பிரபா.

தலைவர் பன்னீர்செல்வம் சார் விடுவாரா? "ஸ்கூலுக்கு நேரா வர்றது தென்மேற்கு, கன்னிமூலைம்மா. அங்க வாசல் வெச்சா யாருக்கும் ஆவாது."

அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்து கிளம்பிவிட்டார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள்! வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன்.

ஜூன் 30

பிரபா சண்டை போடவில்லை. வாஸ்துக்காரரையே கூட்டிவந்துவிட்டாள்! அவர் திசைகாட்டியோடு சுவரோரமாக நடந்து, "மேற்குச் சுவத்துக்கு வடமேற்குதான் உச்சம். இங்க வைங்க, பேஷா இருக்கும்" என்று கை காட்டினார். கை காட்டிய இடத்தில் பன்னீர்செல்வம் சாரின் புதுக் கார் நிற்கிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சார் காரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சரி, வண்டிய வெயில்ல வுட்டுக்கறேன்" என்றார்.

நிஜமாக நான் எதிர்பார்க்கவே இல்லை. பெரிய மனுஷன்தான்.

ஜூலை 20

கதவு வந்துவிட்டது. கார்டு காட்டினால்தான் திறக்கும் — இல்லாவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்களாம். பிரபா மட்டும் முகம் சுளித்தாள். எனக்கு வழி கிடைத்ததே பெரிது.

ஜூலை 22

நடந்தேன்! சுவரை ஒட்டியே ஓடுகிறது காலனிச் சந்து. வேப்பமர நிழல், தண்ணீர் தெளித்த வாசல்கள், கூடவே ஓடிவரும் என் ஆறாம் வகுப்பு வாண்டுகள். இட்லிக் கடை ஜெசிந்தா கூப்பிட்டு நிறுத்தினாள். "இன்னா டீச்சர், நடந்துகினு வர்றீங்க? சுவத்துக்கு அந்தாண்டதான் வூடா?"

இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுக்காரிகளாக இருந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 9

விழுந்துவிட்டேன். கதவுக்கு வெளியே, சந்தில்.

கண் திறந்தால் தலைக்குக் கீழே ஜெசிந்தாவின் மடி. என் கையில் அவள் கடைச் சாவிக்கொத்து. இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்காது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நான் கண் திறப்பதற்கு முன், செங்கல்பட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜோயலைக் கூப்பிட அவள் ஓடியிருக்கிறாள். கார்டு இல்லாமல் கதவு திறக்கவில்லை. "தட்டித் தட்டிக் கையே நோவுது டீச்சர்" என்றாள். சத்தம் கேட்டுப் பன்னீர்செல்வம் சார்தான் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து திறந்தாராம். ரோட்டோரத்தில் விழுந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12

ஜோயல் மறுபடி ராஜினாமா பேச்சை எடுப்பார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். "அந்த வழியாவே போ. அங்க ஆளுங்க இருக்காங்க" என்றார்.

கதவருகே போனால் கார்டு காட்டும் பெட்டியைக் காணோம். பூட்டும் இல்லை. பன்னீர்செல்வம் சார் குனிந்து கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கூட்டம் போட்டுப் பேசினீங்களா சார்?"

"எதுக்கும்மா? அந்தம்மா தட்டின சத்தம் இன்னும் காதுலயே கீது."

நான் வெளியே போக, இட்லிப் பொட்டலத்தோடு ஜெசிந்தா உள்ளே வந்தாள்.