பூவன் நக்கனின் ஒரே வெற்றி குறித்து நெடுந்துறைக் கழகத்தார்க்கு

நலம் பெருகுக! பருவம் தவறாது மழை பொழிக! வெண்குன்றமும் அதன் அடிவாரத்து ஏரிகளும் கீழைக் கழிமுகமும் ஒரு குடைநிழலில் அடங்க, குடிகளின் குறையைத் தம் குறையெனக் கொண்டு, முறை வழுவாது கோலோச்சும் இளவேங்கை மாதேவியார் விடுத்த திருமுகம். நெடுந்துறைப் பட்டினத்துக் குழிப்பந்துக் கழகத்துத் தலைவர் செங்கோடன் விழுப்பரையரும், அவர் எது சொன்னாலும் ஆமாம் போடும் கழகப் பெருமக்களும், நின்றுகொண்டே படித்து அறிக. நும் பட்டினத்து வயலும் வாய்க்காலும் ஆநிரையும் பிள்ளைகளும் வாழ்க. நுமக்கு வாழ்த்துச் சொல்ல இப்போது எமக்கு மனம் வரவில்லை.

ஏரிக்கரைத் திடலை நும் கழகத்துக்கு இவ்வரசு வழங்கியபோது விதித்த விதி ஒன்றே. கோலால் பந்தை அடித்துக் குழிதோறும் இறக்கி, குறைந்த அடிகளில் ஆட்டம் முடிப்பவன் வெல்வான். ஆயினும் வலியோனும் மெலியோனும் ஒரே திடலில் ஒப்ப நிற்க வேண்டுமாதலின், மெலிந்தவனுக்கு அவன் முன்னாடிய ஆட்டங்களைப் பார்த்துச் சில அடிகளைச் சலுகையாகக் கழித்து எண்ணுக என்பதே அது. அந்த நல்ல விதியைக் கொண்டே ஒரு நல்ல மனிதனின் மானத்தை நீவிர் வாங்கிவிட்டீர். கேட்ட நாள் முதலாய் எமக்கு வயிறு எரிகிறது.

வெல்ல வணிகன் பூவன் நக்கனை நீவிர் நன்கு அறிவீர். ஒன்பது ஆண்டுகளாக முழுமதிதோறும் நடக்கும் போட்டியில் ஒன்றையும் அவன் விட்டதில்லை, சென்ற பங்குனிக்கு முன் ஒன்றிலும் வென்றதுமில்லை. அவன் பந்து ஏரியில் விழும், எருமைமேல் விழும், தேர்த்திருவிழா அன்று குருக்களின் குடைமேலும் விழுந்தது. போட்டி நாள் காலையில் கோல்களைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படும்போது இன்று கை கூடிவிடும் என்றே அவனுக்குத் தோன்றும். மூன்றாம் குழிக்குள் எல்லாம் கைவிட்டுப் போயிருக்கும். இந்தப் பாழாய்ப்போன கோலை அடுப்பில் வைப்பேன் என்று சூளுரைத்துக்கொண்டே மற்ற குழிகளைக் கடப்பான். கடைசிக் குழியிலோ, எப்படியோ ஓர் அடி கையில் வலியே தெரியாமல் பறந்துபோய்ப் புல்லின் நடுவே இறங்கும். அந்த ஓரடி போதும். அடுத்த முழுமதிக்கும் ஆள் வந்து நிற்பான். கழகத்தில் மிகுந்த சலுகை அடி பெற்றவன் அவன்தான்; அதைக் கொடுத்தவர் நீவிர்தாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவரும் நீவிர்தாம்.

சென்ற பங்குனி முழுமதியில் அத்தி பூத்தது. அன்று அவன் அடித்ததெல்லாம் நேரே போயிற்று. நேரே போகாத பந்தும் பனைமரத்தில் மோதித் திரும்பிக் குழியருகே வந்து நின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது உலக வழக்கு. அன்று நக்கனுக்கு ஒரு தோப்பே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அவன் வாய் திறந்து பேசவும் அஞ்சினான்; பேசினால் கலைந்துவிடுமோ என்று எச்சிலையும் மெல்ல விழுங்கினான்.

கடைசிக் குழியருகே புல்லில் கோலை ஊன்றியபோது பந்து ஒரு நெல்மணியளவு அசைந்தது. கண்டவர் யாருமில்லை. அசைந்தது, எனக்கு ஓரடி கூட்டிக்கொள்ளுங்கள் என்று அவனே கையுயர்த்திச் சொன்னான். யாரிடம் சொன்னான்? உடன் ஆடிய விழுப்பரையரே, உம்மிடம் சொன்னான்! நீரும் கூட்டினீர். கூட்டியும் அவன் உம்மை ஓரடியில் வென்றான்.

வென்றவன் வீடு போய்ச் சேருமுன் நும் நாக்குகள் வேலையைத் தொடங்கிவிட்டன. இத்தனை ஆண்டும் வேண்டுமென்றே மோசமாக ஆடி, சலுகையை ஏற்றி வைத்து, சமயம் பார்த்துக் பரிசுக் கோப்பையைத் தட்டிச் சென்றான் என்று ஒருவர் சொல்ல, தமக்கு முன்னமே ஐயமுண்டு என்று மற்றவர் சொன்னாராம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஒரு கோப்பைக்காக ஒன்பது ஆண்டுகள் சேற்றில் இறங்கிப் பந்து பொறுக்குவான் ஒருவன் என்று நம்பும் அளவுக்கு நும் அறிவு தேய்ந்துவிட்டதா?

அதோடும் விட்டீரில்லை. மெய்யை அறிய மறு ஆட்டம் ஆடுக என்றீர். கழகம் முழுதும் கைகட்டிச் சூழ்ந்து நிற்க, நக்கன் கோலை எடுத்தான். நன்றாக அடித்தால் சலுகை பொய் என்பார்கள். மோசமாக அடித்தால் நடிக்கிறான் என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனுக்குக் கோலை ஓங்கிய பிறகுதான் உறைத்தது. முதற்பந்து ஏரிக்குள் போயிற்று. இரண்டாம் பந்தும் அதன் பின்னே போயிற்று. பார்த்தீரா நடிப்பை என்று விழுப்பரையர் உரக்கச் சொன்னார்.

ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளும் ஒருவரையும் கடிந்தறியாத நக்கனுக்கு அப்போதுதான் சினம் மூண்டது. எத்தனை அடியில் முடித்தால் என்னை யோக்கியன் என்பீர்கள், அந்த எண்ணைச் சொல்லிவிட்டு ஆடச் சொல்லுங்கள் என்று அவன் கேட்டான். அந்த எண்ணைச் சொல்லாமலே மறுநாள் அவனைக் கழகத்தினின்று நீக்கினோம் என்றும், அவன் பொய்யன் என்றும் கடைத்தெருவில் பறையறைவித்தீர்.

அன்று முதல் அவன் கடைக்கு வருவோர் வெல்லத்தை உடைத்து, விரலால் நிரடி, மணல் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே வாங்குகின்றனர். வாங்காமலே போவோரும் உளர். அவன் யாரோடும் வழக்காடவில்லை. உடைத்துக் காட்டுகிறான், நக்கிப் பார்க்கச் சொல்கிறான், தலை குனிந்து நிற்கிறான். பந்தாட்டத்தில் பழி போட்டுப் பிழைப்பில் மண் போட்டீரே, இது அடுக்குமா?

இவையெல்லாம் எம் செவிக்கு வந்தது அவன் மனைவி கொற்றியால். வாயிற்காவலரைத் தள்ளிக்கொண்டு அவைக்குள் வந்தாள் அவள். தன் கணவன் போல் கேடுகெட்ட ஆட்டக்காரன் இந்நாட்டிலேயே இல்லை என்றும், கொல்லையில் அவன் பழகிப் பழகியே தன் வீட்டு ஓடு பாதி போயிற்று என்றும், வேண்டுமென்றே இவ்வளவு மோசமாக ஆட மனிதரால் ஆகாது என்றும், அந்த ஆட்டம் நாசமாய்ப் போகட்டும், ஆனால் தன் கணவனைப் பொய்யன் என்றவன் நாக்கு அழுகட்டும் என்றும் அவள் முறையிட்டாள். ஓடு உடைந்ததை எம் ஆட்கள் நேரில் கண்டு வந்தனர். குருக்களும் குடையின் கிழிசலைக் காட்டினார். எருமைக்குச் சாட்சி வேண்டோம்.

ஆதலின் ஆணையிடுகின்றோம். எந்தத் தெருக்களில் நக்கனைப் பொய்யன் என்று அறைவித்தீரோ, அந்தத் தெருக்களிலெல்லாம் விழுப்பரையர் தாமே பறையைத் தோளில் சுமந்து சென்று, பூவன் நக்கன் மெய்யாகவே மிக மோசமான ஆட்டக்காரன், அவன் பெற்ற சலுகையில் ஓரடியும் பொய்யில்லை, அவன் வென்ற வெற்றியிலும் ஓரடி பொய்யில்லை, பொய் எம்முடையதே என்று தம் வாயால் கூவுக.

இவ்வாசகம் அவனை நாணச் செய்யுமோ என்று கருதி, நக்கனை அழைத்து முன்னதாகவே படித்துக் காட்டினோம். அந்தப் பறை அறையப்படாவிடில் தான் கடை திறப்பதில் பொருளில்லை என்றும், ஆனால் மிக என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடலாகுமா என்றும் கண் கலங்கக் கேட்டான். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று கொற்றி தடுத்தாள். யாம் அச்சொல்லை நீக்கினோம்; மேலேயுள்ள வாசகத்தினின்று நீவிரும் நீக்கிக்கொள்க.

வேறு என்ன வேண்டும் என்று வினவியபோது, பொன்னோ நிலமோ நும்மேல் தண்டனையோ அவன் கேட்டானில்லை. வரும் முழுமதிப் போட்டியில் தன்னையும் ஆட விடுவார்களா என்று மட்டும் கேட்டான். நும் அனைவரையும் சிறையிலிடும் ஓலை எழுதி ஆயத்தமாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டபின் அதைக் கிழித்தோம். இதைக் கருணை என்று எண்ணாதீர்; அவனோடு ஆட ஆள் வேண்டுமே என்பதற்காகவே நும்மை வெளியில் விட்டு வைத்திருக்கிறோம்.

இவ்வோலையில் எம் வேங்கை முத்திரை பதிந்தது. மாற்றுவார் இல்லை, மறுப்பார் இரார். வரும் முழுமதியன்று நக்கன் தன் பழைய சலுகை குறையாமல் திடலுக்கு வருவான். முதல் அடி அவனுடையது. அந்தப் பந்து எங்கே போகும் என்று யாமும் அறியோம், அவனும் அறியான். ஆதலின் கழகத்துப் பெருமக்கள் அனைவரும் ஒதுங்கி நிற்க. இஃது ஆணை.