பாக்கியத்தின் பேட்டியில் ஓர் இருமல்

அக்கா,

கேமரா பையைத் திறந்தால் இன்னும் கரிமூட்டப் புகை வாடை அடிக்கிறது. துவைத்தும் பார்த்தாயிற்று. சாயல்குடிப் பக்கம் பாக்கியம் அக்காவைப் பேட்டி எடுக்க நாம் இருவரும் போன அன்று ஏறிய வாடை.

கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளுக்குள்ளேயே வேகவிட்டுக் கரி எடுப்பது அவர் வேலை. பீடியைத் தொட்டதில்லை, ஆனாலும் நுரையீரலில் புற்றுநோய். "ஒம் புருசன் பீடி குடிப்பானான்னு கேக்காக. இந்தப் பொகையப் பத்தி ஒருத்தரும் கேக்கலம்மா" என்றார். நீங்கள் கேட்டீர்கள்.

கட்டுரைக்கு 'கொடிய நோயின் பிடியில்' என்று நான் தலைப்புச் சொன்னதற்கு என்னை வறுத்தெடுத்தீர்கள். "ஏலே, கொடியதுன்னு ஊருக்கே தெரியும். தெரியாதத எழுது." புகைதான் காரணம் என்று அடித்து எழுதச் சொன்ன ஆசிரியரிடமும் மல்லுக்கு நின்று, 'காரணமாக இருக்கலாம்' என்பதைக் காப்பாற்றினீர்கள். அந்தக் கோபம் இல்லாமல் அலுவலகம் சப்பென்று கிடக்கிறது.

கட்டுரை வந்த சில மாதங்களில் அதே நோய் உங்களுக்கும் வந்து, நீங்கள் போய்விட்டீர்கள். போன வாரம் ராமநாதபுரத்தில் அந்தக் கட்டுரைக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் ஒலிக்கவிட, உங்கள் பேட்டிப் பதிவில் ஒரு துண்டு கேட்டார்கள். போட்டுக் கேட்டேன். பாக்கியம் அக்கா பேசப் பேச, நடுவே ஓர் இருமல். அடி நெஞ்சிலிருந்து இழுத்து வரும் வறட்டு இருமல். அவருக்குச் சங்கடமாக இருக்குமே, வெட்டிவிடட்டுமா என்று கேட்கப் போன் போட்டேன்.

"எனக்கு இருமலே கெடையாதே தம்பி. மூச்சுதான் வாங்கும். இருமுனது அந்தப் புள்ள. நாந்தான தண்ணி மோந்து குடுத்தேன்."

பக்கத்திலேயே நின்றிருந்தேன், நீங்கள் இருமியதாக நினைவே இல்லை. உங்களுக்காவது அன்று தெரிந்திருந்ததா அக்கா? வெட்ட மனம் வராமல் அப்படியே கொடுத்தேன்.

விழாவில் இருமல் ஒலித்ததும், முன்வரிசையில் இருந்த பாக்கியம் அக்காவைக் கூட்டமே பாவமாகப் பார்த்தது. அவர் ஆடாமல் அசையாமல் இருந்தார். அருகில் இருந்த உங்கள் அம்மா மட்டும், யாரோ உள்ளே வந்ததுபோல, சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ள சத்தம்ப்பா அது. இன்னொரு தடவ போடு."

போட்டேன். மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

அந்தப் பதிவு என் போனில்தான் இருக்கிறது. அழிக்க மனமில்லை, தனியாக இருக்கும்போது போட்டுக் கேட்கத் தைரியமும் இல்லை.