ஜெரோமுக்கு வந்த சிந்த்

ஜூன் 2, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தடிமன், லேசான காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. கொடியில் கிடந்த துணியெல்லாம் மறுபடி ஈரம்.

பத்து மணி போல கார்கோ வேன். நீளமான பெட்டி, ஜெரோமின் பெயருக்கு. “மிஸ்டர் ஜெரோம் இல்லையா?” இல்லை என்றேன். “எப்ப வருவாரு?” வரமாட்டார் என்றேன். அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரசீதை என் பக்கம் நீட்டினார். என் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

கட்டாரிலிருந்து டெரன்ஸ் அனுப்பியது. ஜெரோமின் சித்தப்பா மகன். தவக்காலத்தில் ஜெரோம் சொல்லி வைத்த புது சிந்த், அதாவது சிந்தசைசர் கீபோர்ட். ஈஸ்டர் முடிந்த கிழமை ஜெரோம் போய்விட்டார். பேராதனைப் பாலத்துக்குக் கிட்ட, பஸ்ஸில், உட்கார்ந்தபடியே. கப்பலுக்கு அது தெரியாது.

பெட்டியை முன் அறையில் வைத்தேன். ஈரத்துணியை அதன் மேல் விரித்தேன். வேறு இடமில்லை.

வாங்க: காய்ச்சல் குளிசை, தேங்காய், நெருப்புப்பெட்டி. குசினி பல்ப்.

ஜூன் 3, புதன்

மழை விட்டு விட்டு. பிலிமத்தலாவைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே. கடையில் புதுக் குத்துவிளக்குகள் வந்திருக்கின்றன. நாள் முழுக்கத் துடைத்தேன். கையில் பித்தளை மணம், சவர்க்காரத்துக்கும் போகவில்லை. முதலாளி அம்மா நான் மெலிந்துவிட்டேன் என்கிறார். சட்டை தளர்ந்திருப்பது உண்மைதான்.

பெனடிக்ட் அண்ணனுக்குப் பெட்டி வந்ததைச் சொன்னேன். கலியாண வீடுகளில் வாசிக்கிற பேண்ட் அவருடையது. எங்கள் கலியாணத்துக்கு முன்பிருந்தே ஜெரோம் அதில் கீபோர்ட்.

“தொறந்துறாதீங்க தங்கச்சி. சனிக்கிழம எல்லாரும் வர்றோம். சேந்து தொறப்போம்.”

திறக்கும் எண்ணம் எனக்கு இருக்கவேயில்லை. அதைச் சொல்லவில்லை.

ஜூன் 6, சனி

வெயில். துணி காய்ந்தது.

மூன்று பேர். பெனடிக்ட் அண்ணன், டிரம்ஸ் நவாஸ், பிறகு துளசி. துளசி யாழ்ப்பாணப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். இப்போது ஜெரோமின் இடத்தில் லெப்டொப்பை வைத்து வாசிக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றாள். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

பெட்டியைத் திறந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்னது. கறுப்பு. மேலே நிறையத் திருகிகள். ஜெரோமின் பழைய ஸ்பீக்கரில் இணைத்தார்கள்.

அண்ணன் அடியில் ஒரே ஒரு சுரத்தை அமுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “பாத்தீங்களா, நெஞ்சுல வந்து நிக்குது. லெப்டொப்புல வருமா இது?”

“வரும் அண்ணே,” என்றார் நவாஸ். “இத விட நல்லா வரும். கலியாண ஊட்டுல யாரு இத கேட்டுக்கிட்டு ஈக்கிற? பாட்டு வெளங்கினா போதும் அவங்களுக்கு. இந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் ரெண்டு எடுத்திருக்கலாம்.”

“அதெல்லாம் காதுள்ளவனுக்குத் தெரியும்டா.”

“அப்ப எனக்குக் காது இல்லயா?”

துளசி நடுவில் வந்தாள். “லெப்டொப்பிலயும் இந்தச் சத்தம் வரும். பொய் சொல்லேலாது. ஆனா அதில திருப்பேக்க நான் திரையைப் பாக்கிறன். இதில கையால திருப்பேக்க காது மட்டும்தான் வேலை செய்யுது. எனக்கு அதுக்காகவே இது பெறும்.”

அண்ணன் விடவில்லை. “ஜெரோம் எங்கிட்டயே சொன்னான். இது வந்தா கொழும்பு பேண்டுக்கு நாம பயப்படத் தேவல்லன்னு.”

“எனக்கிட்ட வேற சொன்னாரு,” என்றார் நவாஸ். “டெரன்ஸ்ட கரச்சல் தாங்காமத்தான் சரி எண்டாராம். சரிவராட்டி வித்துருவேன் எண்டாரு.”

இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். பிறகு ஒரேயடியாக என்னைப் பார்த்தார்கள்.

“ஒங்ககிட்ட என்ன சொன்னான் தங்கச்சி?”

“சத்தம் நல்லாருக்கும்னு சொன்னாரு.”

சொல்லவேயில்லை. என்னிடம் சொன்னதெல்லாம், பெட்டி ஒன்று வரும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான்.

பதின்மூன்றாம் தேதி கலியாணத்துக்கு இதை எடுத்துப் போகலாமா என்று அண்ணன் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்கவில்லை.

அவர்கள் போன பிறகுதான் தெரிந்தது, தேத்தண்ணீரில் சீனி போடவில்லை. மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் குடித்திருக்கிறார்கள்.

ஜூன் 7, ஞாயிறு

பூசை. ஓர்கன் வாசித்தேன். காணிக்கைப் பாட்டில் பாடகர் குழு தாளத்தை முந்தி ஓடியது, இழுத்துப் பிடித்தேன். முடிந்ததும் மேரி டீச்சர் வந்து, “நல்லா வாசிச்சீங்க ஸ்டெல்லா. ஒண்ணுமே நடக்காத மாதிரி,” என்றார். பாராட்டா என்று தெரியவில்லை. நன்றி சொன்னேன்.

பக்கத்து வீட்டில் மீன் கறி தந்தார்கள். உறைப்பு என்று அவர்களே சொன்னார்கள். எனக்கு உறைப்பே தெரியவில்லை.

பல்ப் இன்றும் வாங்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

மறுபடி மழை. கடையில் ஆளில்லை.

பின்னேரம் டெரன்ஸ் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். பெட்டி உடையாமல் வந்ததா என்று ஆரம்பித்தான். பிறகு குரல் மாறியது.

“அண்ணி, ஒண்ணு சொல்லணும். அண்ணே கேட்டது இதில்ல.”

“எது இல்ல?”

“அவரு கேட்ட மொடல் கடையில முடிஞ்சிருச்சு. கடைக்காரன் இதுதான் இப்ப எல்லாரும் எடுக்கிறது, சத்தத்துல இத அடிச்சுக்க ஏலாதுன்னான். சரின்னு எடுத்துட்டேன். கப்பல்ல போட்டுட்டு அண்ணனுக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள…”

அழுதான். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ அரபியில் கூப்பிடுவது கேட்டது.

“அண்ணே பாத்திருந்தா ஏசியிருப்பாரா அண்ணி?”

தெரியாது என்றேன்.

பெனடிக்ட் அண்ணன் சொன்னதும் நவாஸ் சொன்னதும் வேறு எந்த மெஷினைப் பற்றியோ. இதைப் பற்றி ஜெரோம் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போயிருக்கிறார்.

சோறு வடிக்காமல் பாண் தின்றேன்.

ஜூன் 11, வியாழன்

அரை நாள் லீவு எடுத்தேன். ஏன் என்று முதலாளி அம்மா கேட்கவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சிந்த்தை நானே போட்டேன்.

என் அபிப்பிராயம். அடிச்சத்தம் நல்லது, அண்ணன் சொன்னது சரி. மேலே போகப் போகத் தகரத்தை ஆணியால் கீறுவது போல. ஒரு திருகியைத் திருப்பினால் சத்தம் கஞ்சி போலத் தடிக்கிறது, இன்னொன்றைத் திருப்பினால் மூக்கடைத்தவன் பேச்சு. தபேலா இல்லை. மேளம் இல்லை. ஒரு தாளமும் இல்லை. கட்டைகள் விரலுக்குக் குறுகல்.

கோயிலில் வாசிப்பது போல இரண்டு கையையும் வைத்தேன். ஏதோ சரியில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தேன். நான்கு வரைக்கும் சரி. ஐந்தாவதை வைத்ததும் முதல் சத்தம் செத்துப் போகிறது. பழுது என்று நினைத்தேன். பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்தால் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் நான்கு சுரம், அவ்வளவுதான்.

பத்து விரலும் போதாது என்று முழங்கையாலும் வாசிக்கிற மனிதனுக்கு நாலு சுரம்.

அப்போது ஜெரோம் சொல்வது கேட்டது. ஆவி, கனவு, அதொன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் தெரிந்தது.

டெரன்ஸுக்கு எடுத்தேன். வேலையில் இருந்தான்.

“ஏசியிருப்பாரான்னு கேட்டியே. ஏசியிருப்பாரு. கேளு. ‘எரும மாடே, நாலு நோட்ட வச்சிக்கிட்டு எவன்டா கலியாணத்துக்கு வாசிப்பான்? தாளம் யாரு போடுறது, ஒங்கப்பனா? கடைக்காரன் சொன்னா எடுத்துருவியா? ஒனக்குக் காது கேக்கிறதுக்கா, கண்ணாடி மாட்டுறதுக்கா?’”

சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அவன் சின்ன வயதில் ஜெரோமின் மௌத் ஓர்கனை கிணற்றில் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் இழுத்து ஏசினேன். அவன் சிரித்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சினான்.

“அவ்வளவுதானா அண்ணி?”

“அவ்வளவுதான். ஏசிட்டு, ‘சாப்பிட்டியாடா’ன்னு கேப்பாரு.”

போனை வைத்த பிறகு தொண்டை எரிந்தது. சோறு வடித்தேன், பருப்பும் சம்பலும். சம்பல் உறைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சம்பலால் என்று நினைத்தேன், சாப்பிட்டு முடித்த பிறகும் நிற்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

தூறல். வேலை விட்டு வந்தபோது மூன்று பேரும் வாசலில். நாளைக்குக் கலியாணம், பதில் வேண்டும்.

டெரன்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

பெனடிக்ட் அண்ணன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப எங்கிட்ட அவன் சொன்னது?”

“அது வேற மெஷின் அண்ணே.”

“அதுவுமில்ல தங்கச்சி. கொழும்பு பேண்ட் கத அவன் எப்பவோ சொன்னது. நாந்தான் இதுல கொண்டாந்து ஒட்டிக்கிட்டேன்.”

நவாஸ் சிரிக்கத் தொடங்கி, அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இது அவருக்குப் பிடிச்சிருக்காது,” என்றேன். “எனக்கும் பிடிக்கல்ல.”

“எனக்குப் பிடிச்சிருக்கு அக்கா,” என்றாள் துளசி. மெதுவாகத்தான் சொன்னாள். “அவருக்காகச் சொல்லேல்ல. அடிச்சத்தத்துக்கு மட்டும் வாசிப்பன். ஆனா இதில ரெண்டு கையும் போயிடும். தாளக் கீபோர்ட்டுக்கு ஆள் வேணும்.”

ஜெரோமின் பழைய கீபோர்ட் அலுமாரிக்கு மேல், உறையோடு. எல்லாரும் அதைப் பார்க்காமல் இருந்தார்கள்.

“நான் கோயில்ல மட்டுந்தான் வாசிச்சிருக்கேன்,” என்றேன்.

“தாளத்த நான் பாத்துக்கிறேன் அக்கா,” என்றார் நவாஸ். “நீங்க கீபோர்ட்ல கோர்ட்ஸ மட்டும் புடிங்க.”

சரி என்று சொன்னது நான்தான். எப்படி வாயில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

ஜூன் 13, சனி

வானம் மூடி இருக்கிறது, மழை இல்லை. மண்டபம் பிலிமத்தலாவையில், கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி. முதலாளி அம்மா பார்த்தால் பார்க்கட்டும்.

காலையில் கீபோர்டை இறக்கினேன். தூசி. இரண்டு கட்டைகள் ஒட்டுகின்றன. மேலே ‘சி’, நடுவில் ‘எஃப்’. சமாளிக்கலாம்.

எடுத்துவைக்க: வயர், அடாப்டர், பாட்டு லிஸ்ட், தண்ணீர்ப் போத்தல், மாற்றுச் செருப்பு.

கலியாண வீட்டுக்குத் துக்க வெள்ளை உடுக்க முடியாது. உடுத்தினால் பாவம், மணப்பெண் பயந்துவிடும். நீலச் சேலையை எடுத்து வைத்திருக்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன், அதுவும் பெரிதாகப் படவில்லை. இஸ்திரி போட வேண்டும், கரண்ட் இப்போதுதான் வந்தது. முந்தானையில் ஒரு…

பேண்ட் வேன் ஹோர்ன் அடிக்கிறது.