லினக்ஸுக்குப் பத்துப் பேர்

ஜூன் 12, வியாழன்

 நான்கு மாதமாக முடியாது என்று சொன்ன மென்பொருள் கம்பெனி இன்று இறங்கி வந்துவிட்டது.

எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் வரையும் அவர்களுடைய மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என் பழைய லெப்டொப் விண்டோஸைத் தாங்காது. அதில் இருப்பது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதனால் தோட்டத்துப் பாடசாலை பெட்ஜுக்குக்கூட இரத்தினபுரிக்குப் போய், யாரிடமாவது கெஞ்சி, அவர்களுடைய கொம்பியூட்டரில் வரைந்து வருவேன்.

காலையில் கொழும்புக்குக் கோல் எடுத்தேன். மென்பொருளை எழுதுகிற ரிஸ்வானே பேசினார்.

"அக்கா, லினக்ஸ்ல கேக்கிறது நீங்க ஒருத்தர்தான். பாதி செஞ்சுட்டு, யாருக்கும் வேணாம்னுதான் விட்டுட்டேன்."

"ஒருத்தரா? ஓப்பநாயக்கயிலயிருந்து ரம்புக்கனை வரைக்கும் பத்துப் பேர் இருக்கோம் தம்பி! அந்தப் பாதியக் குடுங்க. நாங்க ஓட்டிப் பாத்து, பிழை எல்லாம் எழுதி அனுப்புறோம்."

 ரிஸ்வான் சிரித்தார். "சரி, பின்னேரம் அனுப்புறேன். ஓடலைன்னா ஏசக் கூடாது."

ஐந்து மணிக்கு வந்தது. ஓடியது! 'அ' வரைந்து மெஷினுக்கு அனுப்பினேன். சிவப்பு நூலில் எழுத்து ஏறுவதைப் பார்த்து, கூடத் தைக்கும் என் தங்கச்சி சாந்தி கை தட்டினாள்.

"அந்தப் பத்துப் பேரு யாரு அக்கா?" என்று கேட்டாள்.

என்னோடு சேர்த்து மூன்று பேரைத்தான் எனக்குத் தெரியும். ரிஸ்வான் திங்கட்கிழமைக்குள் பெயர்களை அனுப்பச் சொல்லியிருக்கிறார். நாளைக்குப் பலாங்கொடைக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே தையல் கடை வைத்திருக்கிற பாத்திமாதான் நான்காவது ஆள். அது இன்னும் அவளுக்குத் தெரியாது.