நான் திருத்திய சோக்கு

உங்கள் நான்கு சட்டைகளும் நேற்றுக் காலை வந்து சேர்ந்தன. இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை, மடிப்புகளில் கரி வாசனை. இஸ்திரி வண்டிக்காரி செல்வி, மகள் பிரசவத்துக்குக் கூடுவாஞ்சேரி போயிருந்தாள் அல்லவா, இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். போகும் முன் நீங்கள் கொடுத்த துணி அவளிடமே கிடந்திருக்கிறது. கேட்டில் நின்றபடி, "சார் எங்க டீச்சர், ஆளையே காணோம்? எம்மேல கோவமா கீறாரா?" என்றாள். நீங்கள் இறந்து இருபத்தாறு நாள் ஆகிறது என்று சொன்னேன். வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில்தான் சொன்னேன். அவள்தான் அழுதாள். எனக்கு வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை.

"சோக்கா போட்டுக் குட்த்துகீறேன் டீச்சர். சாருக்குக் காலரு வெறப்பா இருந்தாதான் புடிக்கும்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இந்த வீட்டு வாசலில் சோக்கு என்கிற வார்த்தையைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸ். ஆலயத்துக்குக் கிளம்பி, அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டு அறையிலிருந்து வந்தேன். நாசரேத்திலிருந்து அப்பா வந்திருந்தார். அவர் எதிரிலேயே, "டீச்சர், சோக்கா கீற!" என்றீர்கள். ராயபுரத்து வாய். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு மானமே போயிற்று. ஆராதனை முடிந்து வீடு வந்ததும் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பேச்செல்லாம் இந்த வீட்டுல வேண்டாம். நாளைக்குப் பிள்ளைங்க பொறந்தா அதையேதான் பிடிச்சுக்கும்."

"சோக்குன்னா இன்னா தப்பு?"

"இன்னா இல்லை. என்ன."

"சரிம்மா. என்ன தப்பு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை. தமிழாசிரியை என்கிற திமிர், வேறென்ன! கீது, வூடு, வந்துகினு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மகன் பேசத் தொடங்கியபோது நீங்கள் போதகர் ஐயா மாதிரி பேசிக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு ஒரு நாள், எங்கள் பள்ளியில் உருது பேசுகிற கணக்கு டீச்சர் சாப்பாட்டு வேளையில் சொன்னார்: "சோக்கு எங்க வார்த்தைதான் மேடம். ஷௌக். ஒண்ணு மேல ஆசை, பிரியம், மனசு போறது." அகராதியிலும் பார்த்தேன். இந்துஸ்தானியிலிருந்து வந்தது என்றுதான் போட்டிருந்தது. மெட்ராஸ் வாயில் விழுந்தபின் அந்த ஆசை கொஞ்சம் நகர்ந்து அழகு, மிடுக்கு, பார்க்க நன்றாயிருப்பது என்றெல்லாம் ஆகியிருக்கிறது. பகட்டாக உடுத்துகிறவனைச் சோக்குப் பேர்வழி என்று கேலி செய்யவும் அதுவே உதவுகிறது. அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கலாம். தோற்றுப்போவது மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

நேற்று செல்வி உடனே போகவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியிலிருந்து வந்து ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கினால், தினமும் பத்து நிமிஷம் அவள் வண்டியருகே நிற்பீர்களாமே. "பேக்க வண்டி மேல வெச்சுட்டு பேசிகினே நிப்பாரு டீச்சர். வெயிலு பேஜாரா கீது செல்விம்பாரு. அப்பறம், நான் கெளம்பறேன், வூட்டுக்குப் போனா வாய மாத்திக்கணும்னு சிரிப்பாரு."

அவளும் சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் பேசினான். உங்கள் வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறானாம். "எல்லாத்துலயும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு. சாப்பிட்டாயா தம்பி, ஜெபம் செய்தாயா தம்பின்னு. வேற ஏதாவது உன்கிட்ட இருக்கா?" என்றான். என்னிடம் எதுவும் இல்லை.

இன்று காலை செல்வி வண்டிக்குப் போய், மகனை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை அவள் முன்னால் பிடித்தேன். "சார் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசிக் காட்டு" என்றேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு இடுப்பில் கைவைத்து, மோவாயைத் தூக்கி, அப்படியே நீங்கள்! "இன்னா செல்வி, பொண்ணு எப்டி கீது? எங்கூட்டு டீச்சர் இன்னிக்கு மாம்பழக் கலர்ல ஒண்ணு கட்னாங்க பாரு, சோக்கு! சொல்லத்தான் முடியல, மார்க்கக் கொறச்சுடுவாங்க."

மகன் வாய்விட்டுச் சிரித்தான். "சூப்பரா பேசுறாங்கம்மா. ஆனா அப்பா இப்படியெல்லாம் பேச மாட்டாரே."

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்தேன்.

"பேசுவாருடா. நான்தான் விடலை" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. பிறகு, "அப்ப எனக்குத் தெரிஞ்சது யாரும்மா?" என்றான்.

தெரியவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்போதும் கண் கலங்கவில்லை. எல்லாம் யாருக்கோ நடப்பது போலத்தான் இருக்கிறது. உங்களைத் திருத்திய அந்தக் குரல் மட்டும் எனக்குள் பத்திரமாக இருக்கிறது, அதற்கு இப்போது வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான். அவனையும் கூட்டிக்கொண்டு இஸ்திரி வண்டிக்குப் போவேன். செல்வி பேசட்டும். பக்கத்தில் நின்று கேட்பேன். ஒரு வார்த்தைகூடத் திருத்த மாட்டேன்.