இருவருக்கும் மாமனார்

ஐப்பசி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஆட்கள் வந்து நின்றபோது கணுக்கால் வரை சேறு. பேர் எடுக்கும் புத்தகத்துக்குக் குடை பிடித்ததில் நான் முழுக்க நனைந்தேன். கடைவாய்ப் பல் இன்னும் குத்துகிறது. கிராம்பு வைத்தும் பயனில்லை.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் புது உத்தரவு. வேலைக்கு வர முடியாமல் பேர் வெட்டப்பட்ட கிழடுகள் யார் யார், லயத்து அறைகளில் எந்தக் காம்பராவில் இருப்பு, அங்கே யாருக்கு என்ன உறவு. பட்டியல் வேண்டுமாம். உறவு இல்லாதவர்களைத் தை மாதக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவாராம். பட்டியல் எழுதும் வேலை சின்னக் கணக்கப்பிள்ளையான என் தலையில். பெரிய கணக்கப்பிள்ளைக்கு இடுப்பு வலி. எழுத்து வேலை வந்தால் மட்டும் வருகிற வலி.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. யார் யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுப்பது சின்ன வயதிலிருந்தே என் கெட்ட பழக்கம். இப்போது துரையே காகிதமும் மையும் கொடுத்து அனுப்புகிறார்.

ஐப்பசி 4, செவ்வாய்

ஆட்களின் வரிசை வீடுகள், மேல் லயம், கீழ் லயம் இரண்டும் முடிந்தது. அட்டைக்கடி ஏழு இடத்தில். கேட்டவற்றில் மறக்கக் கூடாதவை:

“என்ன உறவுன்னா? நான் கஞ்சி ஊத்துறேன், அவ குடிக்கிறா.”

“பாட்டன்னு எழுதுங்கய்யா. யாரு வந்து பாக்கப் போறா.”

கீழ் லயம், கடைசிக் காம்பரா. கருப்பையா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். பெண்சாதி ராக்கம்மாள், கொழுந்து எடுக்கிறவள். பொன்னி என்று இரண்டு வயதுப் பெண். கூட ஒரு கிழவர், பெயர் சடையன், முழங்கால் இரண்டும் போய்விட்டது. பகலெல்லாம் பொன்னி அவர் பொறுப்பு. உலை வைப்பது, சுள்ளி உடைப்பது எல்லாம் உட்கார்ந்தபடியே செய்கிறார். என்ன உறவு என்றேன். “மாமாங்க” என்றான் கருப்பையா. ‘கருப்பையாவின் மாமனார்’ என்று எழுதிக்கொண்டேன்.

பொன்னி கிழவரின் காது ஓட்டையில் விரலை விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஓட்டையே இல்லை. ஏன் இன்னும் குத்தவில்லை என்று கேட்டேன். “மடி இல்லீங்க” என்றாள் ராக்கம்மாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இவளுக்குக் கூடப்பிறந்தவர் கிடையாது. அப்பன் ஆத்தா இருவரும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனவர்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். பட்டியலைப் பங்களாவுக்கு அனுப்பியாயிற்று.

ஐப்பசி 6, வியாழன்

மழை விட்டு வெயில். பல் வீங்கிவிட்டது.

காலையில்தான் உறைத்தது. ராக்கம்மாளின் அப்பன் செத்துப்போனவன் என்றால் கருப்பையாவுக்கு மாமனார் எங்கிருந்து வந்தார்? கொழுந்து மலையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு மிச்சமும் விளங்கியது. “அது முனியாண்டி அப்பன்ல. மகன் ஓடிட்டான், கெழவன் நின்னுட்டாரு.” முனியாண்டி ராக்கம்மாளின் முதல் புருஷன். நாலு வருடம் முன் வேறொருத்தியோடு மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டான். பஞ்சாயத்தில் தாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இவள் கருப்பையாவைக் கட்டிக்கொண்டாள். இவர்கள் சாதியில் அது வழக்கம்.

ஆக, கிழவர் ராக்கம்மாளுக்குத்தான் மாமனார், அதுவும் தீர்ந்துபோன மாமனார். கருப்பையாவுக்கு ஒன்றுமே இல்லை. நான் துரைக்குப் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருத்தினால் கிழவர் தை மாதக் கப்பலில். திருத்தாவிட்டால் என் வேலை.

யோசித்துப் பார்த்து, பெற்ற மகன்தானே பொறுப்பு என்று ஒரு காரியம் செய்தேன். வெல்லவாயா வழியாக வண்டி ஓட்டும் காதர் நானாவிடம் முனியாண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். “உன் அப்பனைக் கப்பல் ஏத்தப் பாக்குறாங்க, வந்து கூட்டிட்டுப் போ.” செய்தது சரி என்றுதான் படுகிறது.

ஐப்பசி 7, வெள்ளி

சரி இல்லை. முட்டாள் வேலை.

கவ்வாத்து மலையில் கருப்பையாவைப் பிடித்து, முதல் புருஷனின் அப்பனை மாமா என்று கூப்பிட உனக்கு எப்படி வாய் வருகிறது என்று நேராகவே கேட்டேன். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்.

“பரிசம் போட வந்தப்ப பொண்ணு வீட்டுக்காரங்கன்னு ஒரு ஆளு இல்லீங்க. வெத்திலைத் தட்டை யாருகிட்ட மாத்துறதுன்னு நிக்கிறோம். இவருதான் உக்காந்து, குடு இங்கன்னு வாங்கி மாத்துனாரு. பொண்ணு குடுத்தவரு மாமனாரு தானுங்களே.”

பெற்ற மகன் விட்டுப்போன பெண்ணுக்கு அப்பன் இடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றியிருக்கிறார். அப்படியானால் நான் எழுதியது சரிதான். ராக்கம்மாள் மட்டும் பழைய பழக்கத்தில் இன்னும் மாமா என்கிறாள். அவளுக்கு ஒரு வழியில் மாமனார், அவனுக்கு இன்னொரு வழியில் மாமனார். தமிழ் தெரிந்த எனக்கே விளங்க நாலு நாள் ஆனது.

பட்டியல் சரி. ஆனால் மகனைக் கிளப்பிவிட்டேனே. பெற்ற பிள்ளை வந்து கேட்டால் துரை அவனோடுதான் அனுப்புவார். அவன் இருக்கும் கீழ்நாட்டுக் காய்ச்சலில் கிழவர் ஒரு மாதம் தாங்க மாட்டார். காதர் நானா வண்டி போய்விட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

ஐப்பசி 16, ஞாயிறு

பல்லைப் பிடுங்கிவிட்டேன், கொஸ்லந்தையில். சோறு மெல்ல முடியவில்லை.

மத்தியானம் காதர் நானா வண்டியில் முனியாண்டி வந்து இறங்கினான். போக்கிரி ஒருவனை எதிர்பார்த்தேன். காய்ச்சலில் அடிபட்டு ஒடுங்கிய ஆள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நானே கூட்டிப் போனேன். என் குற்றத்தை நானே பார்க்க வேண்டும் அல்லவா.

சடையன் அவனைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். “சாப்புட்டியா?”

ராக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் இலை போட்டாள். கருப்பையாவும் முனியாண்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் இல்லாமல் தின்றார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று. கூப்பிடவே இல்லை.

“நாளன்னைக்கு வண்டி திரும்புது. ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்ப்பா” என்றான் முனியாண்டி. ராக்கம்மாள் கையில் கரண்டி அப்படியே நின்றது. கிழவர் பொன்னியின் முதுகைத் தட்டினார். “மாமாவுக்குத் தண்ணி குடு, தாயி.”

மாமா என்றால் யார் என்று எல்லோரும் பார்த்தோம். பிள்ளை செம்பைத் தூக்கிக்கொண்டு நேரே முனியாண்டியிடம் போனது.

வரும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். ராக்கம்மாள் கிழவருக்கு மகள் என்றால், கிழவரின் மகன் அவளுக்கு அண்ணன். அண்ணன் என்றால் பொன்னிக்குத் தாய்மாமன். புருஷனாக இருந்தவன். தலை சுற்றுகிறது. கிழவர் இதை எத்தனை நாளாக எண்ணி வைத்திருந்தாரோ.

ஐப்பசி 17, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

துரைக்குப் பட்டியலில் சந்தேகம். எல்லாக் கிழடுக்கும் உறவு எப்படிக் கிடைத்தது என்று தானே லயத்துக்கு வந்துவிட்டார். கடைசிக் காம்பரா முன்னால் குதிரையை நிறுத்தினார். கருப்பையாவிடம், “கிழவன் யாரு?”

“மாமனாருங்க.”

ராக்கம்மாளிடம், “உனக்கு யாரு?”

கூப்பிட்டுப் பழகிய வாய். “மாமனாருங்க” என்றுவிட்டாள்.

துரை என் பக்கம் திரும்பினார். “கணக்கப்பிள்ளை, ஒரு கிழவன். புருஷனுக்கும் மாமனார், பெண்சாதிக்கும் மாமனார். இது எப்படி வரும்? நீ பொய் எழுதறது.”

தட்டு மாற்றிய கதையை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? பல் பிடுங்கிய வாய் வேறு. உளறினேன். துரை பென்சிலை எடுத்துவிட்டார், பேரை அடிக்க. அப்போதுதான் வாசலில் நின்ற முனியாண்டி கண்ணில் பட்டான்.

“நீ யாரு?”

மகன் என்று சொல்லி, கூட்டிப் போக வந்தேன் என்றால் முடிந்தது. அதற்குத்தான் அவன் வந்ததும். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கிழவரைப் பார்த்தான். கிழவர் பொன்னியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

“இவளுக்கு அண்ணனுங்க” என்றான் முனியாண்டி.

“கிழவன் உனக்கு?”

“அப்பனுங்க.”

“அப்போ இவளுக்கும் அப்பன்.”

ராக்கம்மாள்தான் மெல்ல, “ஆமாங்க, அப்பன்தாங்க” என்றாள். கிழவரை அவள் அப்பன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

துரை பென்சிலைப் பையில் போட்டார். தமிழ் மிகவும் கஷ்டம் என்று தம் பாஷையில் முணுமுணுத்தபடி குதிரையைத் திருப்பினார்.

அவர் போன பிறகு முனியாண்டி மூட்டையைக் கட்டினான். கிழவர் சொன்னார்: “அண்ணன்னு வாயால சொல்லிட்ட. மடியையும் குடுத்துட்டுப் போ.”

ஐப்பசி 23, ஞாயிறு

வெயில். வேலை இல்லாத நாள். கோயில் வாசலில் பொன்னிக்குக் காது குத்து.

கொஸ்லந்தையிலிருந்து ஆசாரி வந்தார். கருப்பையா விறைத்துக்கொண்டு தேங்காய் உடைத்தான், மூன்றாம் அடியில்தான் உடைந்தது. “மச்சான், பிள்ளையை நல்லாப் பிடிச்சுக்கங்க” என்றான். ஆக, அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வது இப்படி.

மடி தந்தவன் முனியாண்டி. வாங்கி வந்த சிவப்புக் கவுனைப் போட்டு உட்கார வைத்திருந்தான். ஊசி இறங்கியதும் பொன்னி அலறி அவன் கையைக் கடித்தாள். ராக்கம்மாள் ஓடிவந்து வாயில் சர்க்கரை போட்டு, “அண்ணனுக்குக் கையில ரத்தம், யாராச்சும் துணி குடுங்க” என்றாள்.

பிள்ளை சர்க்கரைக்கு அழுகையை நிறுத்திவிட்டது. அதுவரை அழாமல் இருந்த முனியாண்டியைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை.