இடது காதுக்கு எட்டாத வயலின்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன், இங்கே அம்மா நலம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய சிடிகளுக்குப் போனில் சொன்னது அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொன்ன நன்றி, இது வேறு. முதல் நாள் எல்லோருமாக உட்கார்ந்து கேட்டோம், பாட்டு எப்பத்தான் ஆரம்பிக்கும் என்றாள் அம்மா, யாரும் பாடமாட்டார்கள் வாத்தியம் மட்டும்தான் என்றேன், அப்பா அட்டைப்படத்துக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு பாடாமலே இத்தனை பேருக்குச் சம்பளமா என்று கொட்டாவி விட்டார். எனக்கும் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் நீ எழுதியிருந்தபடி ஒரே இசையைத் தினமும் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு வாத்தியத்தின் பின்னாலேயே போனேன். அடிக்குரலில் முனகும் அந்தப் பெரிய வாத்தியம், செல்லோவின் பின்னால் போன அன்று, சந்தைக் கூட்டத்தில் அப்பாவின் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது அக்கா.

வயலின் நாளில்தான் வம்பு. அம்மா கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று இயர்போனில் ஒன்றை மட்டும் இடது காதில் வைத்திருந்தேன், வயலின் மேலே ஏறி ஏறிக் காணாமல் போய்விட்டது. இயர்போன்தான் கெட்டுவிட்டது என்று தெருமுனை ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுத்தேன், இது நல்லாத்தானே பாடுது பாப்பா, இன்னொரு காதுல வச்சுக் கேளு என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து அதையே வலது காதில் வைத்தேன், வயலின் ஊசி மாதிரி மெல்லிசாக அங்கேயே இருந்தது. இடது காதுக்கு மாற்றினால் இல்லை.

இரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர் என்னைத் திமிர் பிடிச்சவ, கூப்பிட்டா திரும்பறாளா பாரு என்கிறார், அவர் நிற்பது என் இடப்பக்கம். எனக்குத் திமிர் இல்லை என்று முதலில் எனக்கே சொன்னது நீ அனுப்பிய இசைதான், அதற்குத்தான் இந்த நன்றி. ஆனால் பயமாக இருக்கிறது. சொன்னால் அம்மா, எல்லாம் அந்தக் கருமத்தைக் காதுல மாட்டினதால வந்தது என்று உன்னைத் திட்டுவாள், சிடியை எல்லாம் பரணில் போடுவாள். டாக்டர் என்ன சொல்வாரோ, அது அதைவிடப் பயம்.

நீ குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, காதைக் கவனி. உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, நீதான் என்னை ஆசீர்வதிக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய், அம்மாவிடம் நானே சொல்கிறேன். நான் சொல்லி முடிக்கும்வரை மட்டும் போனை வைத்துவிடாதே.

உன் தங்கை,
எலிக்குட்டி